இருந்திருந்தால்: வங்கப் புனைவில் மாற்றுமெய்ம்மையும் வினைவடிவமும்

அறிவியல் புனைகதை எனத் தமிழில் வழங்கும் இலக்கிய வகைக்கு வங்க மொழியில் 'கல்பவிஞ்ஞான்' என்பது பெயர். இச்சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தவர் அத்ரீஷ் பர்தன் (1932-2019). அவர் 1963இல் கல்கத்தாவில் தொடங்கி நடத்திய 'ஆச்சர்ய' என்னும் இதழே இவ்வகைக்கென வங்க மொழியில் தோன்றிய முதல் இதழாகும். தமிழ்ப் பெயரையும் வங்கப் பெயரையும் அருகருகே வைத்து நோக்கின் ஒரு வேறுபாடு புலனாகும். தமிழில் தலைமைச் சொல் புனைகதை. அறிவியல் அதற்கு அடை. வங்கத்தில் தலைமைச் சொல் விஞ்ஞானம். கற்பனை அதற்கு அடை. இதனைக் கொண்டே தமிழர் கதையைப் பெரிதெனக் கருதினர், வங்கத்தார் அறிவியலைப் பெரிதெனக் கருதினர் என்று முடிவு கட்டிவிட இயலாது. ஆயினும், கற்பனை என்பது அறிவியலின் தன்மையையே மாற்றவல்லது என்னும் எண்ணம் வங்கச் சொல்லாக்கத்தில் உறைந்திருப்பதை மறுப்பதற்கில்லை.

இவ்வகையின் உட்பிரிவுகளுள் ஒன்று மாற்றுமெய்ம்மைக் கதை. வரலாறு ஒரு கட்டத்தில் வேறு வழியிற் சென்றதாகக் கொண்டு எழுதப்படுவன, உலகின் ஒழுங்கு தலைகீழாக அமைந்ததாகக் கொண்டு எழுதப்படுவன, ஒருவரது வாழ்வுக்கு இணையாக இன்னொரு வாழ்வு வேறோரிடத்தில் நடப்பதாகக் கொண்டு எழுதப்படுவன ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும். இது மேனாட்டு இறக்குமதி என்பதும், இயற்பியல் கண்ட பல்லுலகக் கொள்கையின் நிழல் என்பதும் பலராலும் சொல்லப்படும் கருத்து. ஹ்யூ எவரெட் தம் கொள்கையை வெளியிட்டது 1957இல். கல்கத்தாவையும் அதன் சூழலையும் சார்ந்த எழுத்தாளர் இருவர் மாற்றுமெய்ம்மையை முழு அளவில் எழுதிக்காட்டியது 1875இலும் 1905இலும். வரலாற்றை மாற்றி எழுதும் முறைக்குப் பிரெஞ்சு மொழியில் ஒரு பெயரையே படைத்துத் தந்த ரெனுவியேயின் நூல் வெளிவந்த ஆண்டு 1876. ஆகவே யாரிடமிருந்து யார் பெற்றனர் என்னும் வினா இங்குப் பயனற்றது. இவ்விரு வங்க எழுத்தாளரும் நிகழாததை நிகழ்ந்ததாகக் கூறுவதற்கு மொழியை எவ்வாறு கையாண்டனர், அக்கையாளுகையில் எவ்வெவற்றை மாற்றினர், எவற்றைத் தொடாமல் விட்டனர் என்பனவே ஆராயத்தக்கவை.

இவர்களுக்கு முன்னோடியாக ஒருவரைச் சுட்டவேண்டும். இந்துக் கல்லூரி மாணவராகிய கைலாஸ் சந்திர தத் 1835இல் 'கல்கத்தா லிட்டரரி கெசட்' இதழில் ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். 1945ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆங்கில ஆட்சிக்கு எதிராக ஒரு கிளர்ச்சி எழுந்து அடக்கப்படுவதையும், அதன் தலைவன் கொல்லப்படுவதையும் நாற்பத்தெட்டு மணி நேர நாட்குறிப்பாக அது கூறுகிறது. எழுதப்பட்ட காலத்தில் அது எதிர்காலக் கதை. 1945 கடந்தபின் அது நிகழாத இறந்தகாலத்தின் கதையாகிவிட்டது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 2020களின் தொடக்கத்தைக் களமாகக் கொண்டது. அதுவும் இன்று இந்நிலையை எய்திவிட்டது. ஆசிரியன் கருதாமலே, நாட்காட்டி மட்டுமே ஒரு படைப்பை ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்றிவிடுகிறது. இலக்கிய வகைமை பேசுவோர் இதனைப் பெரிதும் கருத்திற் கொள்வதில்லை.

நிகழாததன் இலக்கணம்

நிகழாததைக் கூற ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு வழி வைத்துள்ளது. தமிழில் 'மழை பெய்தால் பயிர் விளையும்' என்பது திறந்த நிபந்தனை. மழை பெய்யவும் கூடும், பெய்யாமற் போகவும் கூடும். 'மழை பெய்திருந்தால் பயிர் விளைந்திருக்கும்' என்பது மூடிய நிபந்தனை. மழை பெய்யவில்லை என்பது இத்தொடரிலேயே அடங்கியுள்ளது. இரு பகுதிகளிலும் 'இரு' என்னும் துணைவினை வருகிறது. முடிக்கும் வினை எதிர்கால வடிவத்தில் நிற்கிறது. அதாவது, தமிழ் பேசுவோன் இறந்தகாலத்தில் ஓரிடத்தில் நின்றுகொண்டு, அங்கிருந்து முன்னோக்கி, வந்து சேராத ஓர் எதிர்காலத்தைப் பார்க்கிறான்.

வங்கம் வேறு வழியை மேற்கொள்கிறது. 'ஸே ஏலே ஆமி ஜேதாம்' என்னும் தொடருக்கு இரு பொருள் உண்டு. 'அவன் வரும்போதெல்லாம் நான் போவதுண்டு' என்பது ஒன்று. 'அவன் வந்திருந்தால் நான் போயிருப்பேன்' என்பது மற்றொன்று. இறந்தகால வழக்கத்தைக் குறிக்கும் தகர விகுதியே நிகழாததையும் குறிக்கிறது. இந்தியிலும் இதனையொத்த நிலை உண்டு. ஒரு காலத்தில் வழக்கமாக நடந்து இன்று இல்லாமற் போனதும், நடந்திருக்கக் கூடியதாயிருந்து நடவாமற் போனதும் ஒரே வடிவத்திற் கூறப்படுவது தமிழருக்கு முதற்கண் வியப்பாகத் தோன்றும்.

ஆனால் பழந்தமிழ் இதற்கு அயலதன்று. 'மன்' என்னும் இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள் கூறுவார் தொல்காப்பியர். கழிவு என்பது முன்பு இருந்து இன்று இல்லாமற் போனதைக் குறிக்கும். ஒழியிசை என்பது சொல்லாமல் விட்ட எச்சத்தைக் குறிப்பால் உணர்த்தும். ஒரு வாள் கூர்மையானது என்று மட்டும் சொல்லி, ஆயினும் பயன்படாது போயிற்று என்பதைக் கேட்போனுக்கு விட்டுவிடுவது போன்றது. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாடலில் (235) இவ்விடைச்சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. அவன் வழக்கமாகச் செய்தவை ஒவ்வொன்றும் அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் இறுதியிலும் இனி அது இல்லை என்னும் பொருளை 'மன்' தாங்கி நிற்கிறது. வழக்கமும் இழப்பும் ஒரே வடிவத்தில் கூடும் வங்க வினையமைப்பை விளங்கிக்கொள்ளத் தமிழ் மாணவனுக்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இத்தனை வடிவங்கள் கைவசம் இருந்தும், மாற்றுமெய்ம்மைக் கதை எழுதுவோர் அவற்றைக் கொண்டு கதையை நடத்துவதில்லை. ஒரு முழு நூலையும் 'இருந்திருந்தால்', 'ஆகியிருக்கும்' என்று எழுதினால் அது வாதமாகுமே தவிரக் கதையாகாது. எனவே நிபந்தனை முழுவதையும் கதையின் வாயிலில் நிறுத்திவிட்டு, உள்ளே எளிய இறந்தகாலத்தில் கூறிச் செல்கின்றனர். வங்கத்தில் அவ்வாயிலாக அமைந்தது கனவு.

பாணிபட்டில் ஒரு கிளை

பூதேவ் முகோபாத்தியாய் (1827-1894) இந்துக் கல்லூரியில் மைக்கேல் மதுசூதன் தத்துடன் பயின்றவர். அரசுக் கல்வித் துறையில் உயர் பதவி வகித்தவர். 'எஜுகேஷன் கெசட்' இதழின் ஆசிரியர். அவ்விதழில் 1875இல் அவர் எழுதியது 'ஸ்வப்னலப்த பாரதவர்ஷேர் இதிஹாஸ்'. 'கனவிற் கிட்டிய பாரத நாட்டு வரலாறு' என்பது இதன் பொருள். அவர் மறைந்தபின் 1895இல் நூலாயிற்று. 1761ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நடந்த மூன்றாம் பாணிபட்டுப் போரில் மராட்டியர் தோற்றனர் என்பது வரலாறு. பூதேவின் கனவில் அவர்கள் வெல்கின்றனர். முகலாயப் பேரரசர் தம் முடியைச் சிவாஜியின் வழிவந்த இராமசந்திரனிடம் ஒப்படைக்கிறார். பிறகு நாட்டின் ஆட்சியும் கல்வியும் வணிகமும் எவ்வாறு அமைந்தன என்பது வரலாற்று நூலின் நடையிலேயே விரித்துரைக்கப்படுகிறது.

தலைப்பே ஒரு முரண். 'இதிஹாஸ்' என்பது 'இவ்வாறே இருந்தது' என்னும் பொருளைத் தரும் வடமொழித் தொடரினின்று ஆகிய சொல். அதற்குமுன் 'கனவிற் கிட்டிய' என்னும் அடையை நிறுத்துவது, இருந்தது என்று சொல்லிக்கொண்டே இல்லை என்றும் சொல்வதாகும். மூடிய நிபந்தனைத் தொடர் செய்யும் வேலையை இத்தலைப்பு ஒரு தொகையில் செய்துவிடுகிறது. அரசு ஊழியராக வாழ்ந்தவர், அரசுக்கு எதிரான எழுத்தைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு 1870இல் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே இதனை எழுதினார் என்பதும் நோக்கத்தக்கது. ஆங்கிலேயர் ஆளாத இந்தியாவை அவர் வெளிப்படையாக வேண்டவில்லை. கனவு கண்டார், அவ்வளவே. கனவுக்குக் குற்றப்பத்திரிகை வரைவது எளிதன்று.

இந்நூலைத் தேசிய உணர்வின் முன்னோடியாகப் போற்றுவது வழக்கம். அப்போற்றுதலில் உண்மை உண்டு. ஆயின் நூலின் நடுநாயகமாக விளங்கும் உவமையைச் சற்று நின்று நோக்கவேண்டும். பாரத அன்னைக்கு இந்துக்கள் வயிற்றிற் பிறந்த மக்கள். முசுலிம்கள் அவள் பாலூட்டி வளர்த்த மக்கள். ஆகவே இருவரும் உடன்பிறந்தார் எனக் கூறுகிறது அவ்விடம். பகைமையை மறந்து ஒன்றுகூடுக என்பதே நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும் உறவுமுறைச் சொற்களுக்கென ஓர் ஒழுங்கு உண்டு. கூறுவோன் கருத்தைக் கடந்தும் அது வேலை செய்யும். 'பெற்ற' என்பதற்கும் 'வளர்த்த' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு, 'பிள்ளை' என்னும் சொல்லை இருவருக்கும் பொதுவாக்கியதால் நீங்கிவிடுவதில்லை. ஒரு பேரரசின் தலைவிதியையே மாற்றி எழுதத் துணிந்த கற்பனை, வீட்டினுள் யார் மூத்தவர், யார் வந்தேறியவர் என்னும் வரிசையை மாற்றத் துணியவில்லை. குடும்ப ஒழுக்கம் பற்றி 1882இல் 'பாரிவாரிக் பிரபந்த' என்னும் கட்டுரைத் தொகுதியை எழுதியவரிடம் இதனை எதிர்பார்க்கவும் இயலாது. வரலாறு கிளைவிடுவது பாணிபட்டுக் களத்தில். அடுக்களை வரை அக்கிளை எட்டவில்லை.

நூறாண்டு கழிந்தபின் இதே பாணிபட்டை ஜயந்த் நார்லிகர் (1938-2025) எடுத்துக்கொண்டார். மராட்டியில் அவர் எழுதிய 'கங்காதர்பந்தாஞ்சே பானிபத்' என்னும் கதையில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர், மராட்டியர் வென்ற உலகிற்குள் சென்று திரும்புகிறார். விசுவாசராவின் மீது பட வேண்டிய குண்டு காதருகே உரசிப் போவதே கிளை பிரியும் இடம். பூதேவுக்குக் கனவு எதுவோ, நார்லிகருக்கு இயற்பியல் அது. ஆங்கில வடிவில் பதினோராம் வகுப்புப் பாடநூலிலும் இடம்பெற்ற இக்கதை நாடெங்கும் அறியப்பட்டது. ஒப்பிட்டு வாசிக்க வேண்டிய பூதேவின் நூலோ வங்கத்திற்கு வெளியே பெயரளவில்கூட அறியப்படவில்லை. நார்லிகர் வாயிலைப் புதுப்பித்தார் என்பது உண்மை. உள்ளே எழுப்பிய மாளிகை பெரும்பாலும் பழையதே.

ஞானவாசிட்டமும் ஒரு மறுப்பும்

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். இணையுலகமும் இணைவாழ்வும் நம் நாட்டில் என்றோ சொல்லப்பட்டவை; யோகவாசிட்டத்தில் இல்லாத புதுமை இவற்றில் என்ன என்பது அத்தடை. அந்நூல் வீரை ஆளவந்தாரால் 'ஞானவாசிட்டம்' எனத் தமிழிலும் செய்யுளாக்கப்பட்டது. அதில் வரும் இலவணன் கதை உண்மையில் வியப்புக்குரியது. மாயவித்தைக்காரன் ஒருவனால் சிறுபொழுது மயங்கிய அரசன், அப்பொழுதிற்குள் புலைச்சேரியில் மணம் புரிந்து, மக்களைப் பெற்று, பஞ்சத்தில் வாடிப் பல்லாண்டு வாழ்ந்துவிடுகிறான். விழித்தபின் அவ்விடத்தைத் தேடிச் செல்லும்போது அச்சேரியும் அங்குள்ள மக்களும் மெய்யாகவே இருக்கக் காண்கிறான்.

கட்டமைப்பில் ஒப்புமை உண்டு, நோக்கத்தில் இல்லை. வாசிட்டத்தில் இரண்டாவது உலகம் காட்டப்படுவது முதல் உலகமும் பொய் என்று நிறுவுதற்கு. பூதேவிடமும், பின் காணவிருக்கும் ரொக்கேயாவிடமும் இரண்டாவது உலகம் காட்டப்படுவது முதல் உலகம் இப்படித்தான் இருந்தாகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்று நிறுவுதற்கு. ஒன்று பற்றை அறுப்பது. மற்றொன்று பற்றை மூட்டுவது. இலவணன் புலைச்சேரியில் தன் மனைவியின் சுற்றத்தாரை மீண்டும் கண்டபின்பும் அச்சேரியின் பஞ்சத்தைத் தீர்ப்பது கதையின் பொருளாவதில்லை. பழம்பெருமை பேசும் ஒப்பீடுகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

வேறு இரண்டு கல்கத்தாக் கதைகளையும் இங்குச் சுருங்கச் சுட்டலாம். ஜகதீஷ் சந்திர போஸ் 1896இல் எழுதிக் 'குந்தலீன்' கூந்தல் எண்ணெய் நிறுவனத்தாரின் பரிசைப் பெற்ற கதையில், கல்கத்தாவைத் தாக்கும் என எதிர்பார்க்கப்பட்ட புயல் வாராமற் போகிறது. வானிலை அறிஞர் காரணம் தேடி அலைகின்றனர். கப்பலிலிருந்து ஒருவன் கடலில் ஊற்றிய எண்ணெயே காரணம் என்கிறது கதை. இங்கு நிகழ்ச்சி மாறவில்லை, காரணம் மாறுகிறது. அறிவியலாளர் ஒருவரே இதனை எழுதினார் என்பதில் ஒரு குறும்பு உண்டு.

மற்றொன்று சத்யஜித் ராயின் 'ரத்தன்பாபுவும் அந்த மனிதரும்'. நண்பரற்ற ரத்தன்பாபு, விடுமுறையில் சென்ற சிற்றூரில், தோற்றத்திலும் விருப்பங்களிலும் முற்றிலும் தம்மையே ஒத்த மணிலால் மஜும்தாரைச் சந்திக்கிறார். முதலில் மகிழ்ச்சி, பிறகு எரிச்சல், முடிவில் இருப்புப்பாதை மேம்பாலத்திலிருந்து அவரைத் தள்ளிவிடுகிறார். மறுநாள் அதே பாலத்தில் அவருக்கும் அதுவே நேர்கிறது. முன்பின் அறியாத நடுவயதினர் வங்கத்தில் ஒருவரையொருவர் 'ஆப்னி' என்றே விளிப்பர். தன்னையே ஒத்த ஒருவனைத் 'தாங்கள்' என்று விளிக்க நேர்வதில் உள்ள அவலம் இக்கதையின் உள்ளோட்டம். தமிழில் 'நீங்கள்' என்று பெயர்த்தால் அவ்வவலம் ஏறத்தாழக் கிட்டும். ஆங்கிலத்தில் அதற்கு வழியே இல்லை. ராயின் இணைவாழ்வு எதனையும் மாற்ற விழைவதன்று. நடுத்தர வாழ்வின் தனிமைக்கு இன்னொரு படி எடுத்துக் காட்டுவது.

பெண்ணாட்டின் சொற்பொருள்

ரொக்கேயா சகாவத் ஹுசைன் (1880-1932) 'சுல்தானாவின் கனவு' என்னும் கதையை ஆங்கிலத்தில் எழுதினார். பாகல்பூரில் வாழ்ந்தபோது எழுதப்பட்ட அக்கதை 1905இல் முதன்முதலில் அச்சேறியது சென்னையில் என்பது தமிழ் வாசகர் பலர் அறியாதது. கமலா சத்தியநாதன் 1901இல் தொடங்கி நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' அதனை வெளியிட்டது. 1908இல் கல்கத்தாவில் நூலாயிற்று. பின்னர் ஆசிரியரே வங்கத்தில் பெயர்த்துத் தம் 'மோதிசூர்' தொகுதியின் இரண்டாம் பகுதியிற் சேர்த்தார்.

சாய்வு நாற்காலியில் அமர்ந்து இந்தியப் பெண்களின் நிலையை எண்ணிக்கொண்டிருந்த சுல்தானா, தன் தோழி சாரா எனத் தான் கருதும் ஒரு பெண்ணுடன் வெளியே செல்கிறாள். அவர்கள் சென்றடைவது பெண்கள் ஆளும் நாடு. ஆண்கள் வீட்டினுள் அடைக்கப்பட்டுச் சமைக்கவும் குழந்தைகளைப் பேணவும் பழகிவிட்டனர். பெண் பல்கலைக்கழகம் ஒன்று வானத்து நீரை ஈர்க்கும் பலூனைக் கண்டுபிடித்தது. மற்றொன்று கதிரவனின் வெப்பத்தைச் சேமிக்கும் கருவியை. பகைவர் படையெடுத்தபோது ஆண்கள் தோற்றுத் திரும்ப, கல்லூரித் தலைவியும் இரண்டாயிரம் மாணவியரும் அவ்வெப்பத்தைத் திரட்டிப் பாய்ச்சிப் பகைவரை ஓடச் செய்தனர். சமையலும் கதிரவன் வெப்பத்தால், பயணம் வான்வண்டியில்.

கருவிகள் பற்றிப் பலர் வியந்து எழுதியுள்ளனர். கருவிகளினும் வியப்புக்குரியது சொற்களின் நிலை. 'சனானா' என்பது பெண்கள் உறையும் உள்வீடு. 'மர்தானா' என்பது விருந்தினரும் ஆடவரும் வந்துபோகும் புறவீடு. இது உருது வழக்கு. பெண்ணாட்டில் 'மர்தானா' என்னும் அதே சொல் ஆண்களை அடைத்து வைக்கும் முறையைக் குறிக்கிறது. புதுச்சொல் ஏதும் ஆக்கப்படவில்லை. இருக்கும் சொல்லுக்குள் உலகம் புரட்டப்பட்டுள்ளது. தமிழில் இதனைப் பெயர்ப்பவர் இடர்ப்படுவார். 'அந்தப்புரம்' என்பதற்கு ஆண்பால் இணை நம்மிடம் இல்லை. அடைத்து வைக்கப்பட்டவர்க்கே தனிப்பெயர் தேவைப்பட்டது. வெளியில் இருந்தோர்க்கு உலகம் முழுவதும் இடம் என்பதால் பெயர் வேண்டப்படவில்லை.

இன்னோரிடம் இதனினும் நுட்பமானது. தெருவிற் செல்லும் பெண்கள் சுல்தானாவைப் பார்த்துச் சிரிக்கின்றனர். அவள் ஆண்போல் இருக்கிறாள் என்கின்றனர். பொருள் விளங்காமல் வினவும் அவளுக்கு, ஆண்களைப்போல் கூச்சமும் அச்சமும் உடையவள் என்பதே பொருள் எனத் தோழி விளக்குகிறாள். ஆங்கிலத்தில் இது ஒரு நகைச்சுவை. தமிழில் இது அதனினும் ஆழமாகச் செல்லும். அச்சமும் நாணும் மடனும் பெண்பாற்கு உரியன எனவும், பெருமையும் உரனும் ஆண்பாற்கு உரியன எனவும் வகுத்தது தொல்காப்பியம். 'ஆண்மை' என்னும் சொல்லோ பால் குறித்து நில்லாமல் வீரம், ஆளுந்தன்மை என விரிந்துவிட்டது. 'உன்னிடம் ஆண்மை மிகுந்துள்ளது என்கின்றனர்' என்று பெயர்த்தால், வாசகன் அதனைப் பாராட்டாகவே கொள்வான். அடுத்த தொடரில் அச்சமும் நாணமும் ஆண்பாற்குணமாக விளக்கப்படும்போது அவனது அகராதியே சரிந்துவிடும். பெண்விடுதலைக்கு 'ஆண்மை' அழிய வேண்டும் எனப் பெரியார் எழுதியது இச்சொல்லின் இவ்வீக்கத்தைக் கண்டுதான். ரொக்கேயா அதனை அழிக்கவில்லை. வேறு வீட்டிற்கு மாற்றினார்.

உறவுமுறைச் சொற்களிலும் இவர் பூதேவினின்று பிரிகிறார். பெண்ணாட்டில் தூய உறவின் வட்டம் மிக அகன்றது. எட்டிய ஒன்றுவிட்ட உறவினனும் உடன்பிறந்தானைப்போல மதிக்கப்படுவான் என்கிறது கதை. திருமணத்திற்குத் தடையான நெருங்கிய உறவினர்முன் மட்டுமே பெண் திரையின்றி வரலாம் என்னும் மரபை மனத்திற்கொண்டு இதனைப் படிக்கவேண்டும். உறவின் வட்டம் எல்லாரையும் உட்கொள்ளுமாறு அகன்றால் திரைக்கே இடமில்லை. பூதேவ் ஒரு தாயின் மக்களை இரண்டாகப் பகுத்து ஒன்றாக்கினார். ரொக்கேயா வட்டத்தையே விரித்தார். தமிழாக்கம் செய்வோர்க்கு இங்கும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இரண்டாகப் பிரியும். சிற்றப்பன் மகன் ஏற்கெனவே தம்பிதான். அவனை உடன்பிறந்தானாகக் கருதுவதில் புதுமை இல்லை. மாமன் மகனோ மணமுறையினன். அவனை உடன்பிறந்தானாகக் கருதுக என்றால் தமிழ்க் குடும்பங்களில் பெரும் குழப்பமே விளையும். ரொக்கேயாவின் தொடரில் உள்ள துணிவு தமிழில் மாமன் மகன் என்று பெயர்த்தால்தான் தெரியும்.

ஆண்களை அடைப்பது பெண்களை அடைத்ததற்கு மாற்றாகுமா எனக் கேட்போர் உண்டு. கதையை ஓர் அரசியல் திட்டமாகக் கொண்டாலன்றி இவ்வினா எழாது. அது ஓர் ஆடி. ஆடியில் இடம் வலமாகத் தெரிவதைக் குற்றமாகக் கூறுவதில்லை. வேறொரு குறையைச் சொல்லலாம். நிலத்தை மின்னாற்றல் உழுகிறது. அலுவல்கள் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. உழுதோரும் ஏவல் செய்தோரும் என்னவாயினர் என்பது பேசப்படவில்லை. பாலின் ஒழுங்கைப் புரட்டிய கற்பனை, உழைப்பின் ஒழுங்கை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு அமைகிறது.

வான்வண்டியைக் கனவு கண்டவர்க்கு வாய்த்த மெய்யான வண்டி வேறு. கணவர் மறைவுக்குப்பின் 1911இல் கல்கத்தாவில், வலியுல்லா சந்தில் ஒரு வீட்டில், எட்டு மாணவியருடன் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியை ரொக்கேயா தொடங்கினார். அடைப்பு வாழ்வின் கொடுமைகளைத் தொகுத்து 1931இல் அவர் வெளியிட்ட 'அவரோதபாசினி' நூலில் அப்பள்ளியின் பேருந்து பற்றிய குறிப்பு ஒன்று உள்ளது. வெளியார் கண்ணிற் படாதவாறு காற்றும் புகாமல் மூடப்பட்ட அவ்வண்டியில் சிறுமியர் மயங்கி விழுந்தனர். 1756ஆம் ஆண்டின் கல்கத்தா இருட்டறை நிகழ்ச்சியை நினைவூட்டும் வகையில் அதனை நகரும் இருட்டறை எனத் தோழி ஒருவரின் உடன்பிறந்தார் மகன் பெயரிட்டார். மூடியதை நீக்கித் திரைச்சீலை தொங்கவிட்டபோது, காற்றில் சீலை அசைவதால் பர்தா கெடுகிறதெனக் கண்டனக் கடிதங்கள் வந்தன. இரண்டு வண்டிகளுக்கும் இடையே பல ஆண்டுகள். கனவு முந்தியது, நனவு பிந்தியது.

இவ்வரிசையை மனத்திற்கொண்டு கதையின் தொடக்கப் பகுதியிலுள்ள ஒரு சிறு உரையாடலை மீண்டும் நோக்கலாம். பெண்ணாட்டின் பசும்புல்லையும் பூக்களையும் கண்டு சுல்தானா மகிழ்கிறாள். உங்கள் நாட்டார் விரும்பினால் கல்கத்தாவே இதைவிட அழகிய தோட்டமாகக் கூடும் என்கிறாள் தோழி. எத்தனையோ வேறு வேலைகள் இருக்கத் தோட்டத்தில் இவ்வளவு கருத்துச் செலுத்துவது வீண் என அவர்கள் எண்ணுவார்கள் என்று சுல்தானா விடையிறுக்க, இதனினும் நல்ல சாக்கு அவர்களுக்குக் கிடைத்திராது எனப் புன்னகைக்கிறாள் தோழி. பெண்ணாடு எளிய இறந்தகாலத்தில் உறுதியாக நிற்க, நிபந்தனை வினை கல்கத்தாவின் மீது ஏற்றப்படுகிறது. 2001 முதல் கொல்கத்தா என்றே எழுதப்படும் அம்மெய்யான நகரம், அந்நொடியில் அங்கிருந்து பார்க்கப்படும் மாற்றுமெய்ம்மையாகிறது.

இத்தொடரை ஆசிரியர் முதலில் எழுதிய ஆங்கில வினைவடிவம் மூடிய பொருளுக்கும் திறந்த பொருளுக்கும் இடையில் நிற்பது. தமிழ் அவ்வாறு நடுவில் நிற்க விடாது. 'விரும்பியிருந்தால் ஆகியிருக்கும்' என்று பெயர்த்தால் காலம் கடந்துவிட்டது என்பது பொருள். தோழியின் புன்னகை இகழ்ச்சியாகிவிடும். 'விரும்பினால் ஆகும்' என்று பெயர்த்தால் வழி இன்னும் திறந்திருக்கிறது, புன்னகை அழைப்பாகிவிடும். கதையை எழுதி ஆறு ஆண்டுகளில் அதே நகரத்தில் எட்டுச் சிறுமியரைக் கொண்டு பள்ளி தொடங்கியவரின் தொடர் இது. பெயர்ப்பவர் 'விரும்பினால்' என்னும் வடிவத்தையே தேர்வது தகும்.